மடியில் மழலையும் மேசையில் பாடமும்



2020ஆம் ஆண்டு மார்ச்சு மாதத்தில் நம் பள்ளிகளின் கதவுகள் அடைபட்டபோது, பாடம் நம் வீட்டுக் கூடத்திற்கு வந்து சேர்ந்தது. தமிழ்நாட்டில் ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகள் வகுப்பறைக்குத் திரும்பிய நாள் 2021 நவம்பர் 1. இடைப்பட்ட ஏறத்தாழ பத்தொன்பது மாதங்களில் தாய்மார் பலர் ஓர் உண்மையைக் கண்டுகொண்டனர். ஒன்பது வயதுச் சிறுவனுக்குப் பின்னக் கணக்குச் சொல்லிக் கொடுப்பது அத்துணை அரிதன்று. இரண்டரை வயதுக் குழந்தை அந்தக் கணக்கு நோட்டின் மீதே ஏறி அமர்ந்திருக்கையில் சொல்லிக் கொடுப்பதுதான் அரிது.

பள்ளிகள் திறந்துவிட்டன, ஆயினும் இச்சிக்கல் தீர்ந்தபாடில்லை. பிள்ளையின் நோய், அடிக்கடி வரும் பணிமாற்றம், பெற்றோரின் சொந்த விருப்பம் ஆகிய காரணங்களால் வீட்டிலேயே கற்பிக்கும் குடும்பங்கள் இன்று நம்மிடையே உள்ளன. அவர்களுடைய பிள்ளைகள் 14 வயது நிறைந்தபின், 1989இல் நிறுவப்பட்ட தேசியத் திறந்தநிலைப் பள்ளி நிறுவனத்தின் வழியாகப் பத்தாம் வகுப்புத் தேர்வை எழுத வாய்ப்பும் இருக்கின்றது. பள்ளிக்கு அனுப்பும் வீடுகளிலோ, மாலை நேரத்து வீட்டுப்பாடமும் கோடை விடுமுறையும் இதே நெருக்கடியைக் கொண்டுவருகின்றன. ஆகவே, மூத்த பிள்ளைகளுக்குப் பாடம் நடக்கையில் தவழும் குழந்தையையும் தத்தித் தத்தி நடக்கும் குழந்தையையும் எவ்வாறு வைத்துக்கொள்வது என்பதை இத்திங்கள் சிந்திப்போம்.

ஒரு வீட்டை மனக்கண்முன் நிறுத்துங்கள். மூத்தவள் பன்னிரண்டு வயதுப் பெண். அவளுக்கு அடுத்தவன் ஒன்பது வயதுப் பையன். மூன்றாவது இரண்டரை வயதுக் குழந்தை. தூளியில் எட்டு மாதக் கைக்குழந்தை. தந்தை காலையில் வேலைக்குச் சென்றுவிடுகின்றார். தாய் ஒருத்திக்கு மாணவர் இருவர், மழலைகள் இரண்டு. இந்த வீட்டில் பாடம் நடக்குமா? நடக்கும். ஆனால் வழக்கமாக நாம் கையாளும் மூன்று வழிகளால் நடக்காது.

வழக்கமான மூன்று வழிகள்

முதலாவது வழி, குழந்தையை விலக்கி வைப்பது. "போ, அந்தப் பக்கம் போய் விளையாடு" என்று அதட்டுகின்றோம், கதவைச் சாத்துகின்றோம். குழந்தை ஐந்து நிமிடத்தில் திரும்பி வருகின்றது, அல்லது கதவுக்கு அப்பால் நின்று வீறிட்டு அழுகின்றது. இதனைக் குறும்பு என்று எண்ணுவது சரியன்று. இரண்டரை வயதில் குழந்தைக்குத் தேவைப்படுவது தாயின் முகம். அந்த முகம் அண்ணனுடைய புத்தகத்தை நோக்கிக் கவிழ்ந்திருப்பதைக் கண்டால், அந்தப் புத்தகத்திலேயே போய் அமர்ந்துகொள்கின்றது. தாயின் பார்வை எங்கே இருக்கின்றதோ அங்கே தானும் இருக்க விரும்புகின்றது, அவ்வளவே.

இரண்டாவது வழி, கைப்பேசியைக் கையில் கொடுத்துவிடுவது. இதனால் வீடு அமைதியாகிவிடும் என்பது உண்மைதான். ஆனால் உலகச் சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதலில், இரண்டு வயது நிறையாத குழந்தைகளுக்குத் திரையே வேண்டாம் என்றும், இரண்டு முதல் நான்கு வயது வரை நாள் ஒன்றுக்கு ஒரு மணி நேரத்திற்கு மேற்படக் கூடாது, குறைந்தால் இன்னும் நன்று என்றும் அறிவுறுத்தியுள்ளது. அன்றியும், திரையைக் கையிலிருந்து வாங்கும்போது எழுகின்ற அழுகை, அதுவரை கிடைத்த அமைதியையும் சேர்த்து விழுங்கிவிடுகின்றது என்பதைத் தாய்மார் நன்கறிவர்.

மூன்றாவது வழி, நம் வீடுகளில் தொன்றுதொட்டு வழங்கி வருவது: மூத்த பெண்ணிடம் குழந்தையை ஒப்படைப்பது. "நீ பாப்பாவைப் பார்த்துக்கொள், நான் தம்பிக்குச் சொல்லிக் கொடுத்துவிட்டு வருகின்றேன்." கேட்பதற்கு இது இயல்பாகவே தோன்றுகின்றது, ஆனால் மூன்றிலும் பெரிய இழப்பைத் தருவது இதுவே. இதனைப் பற்றிப் பின்னர் விரிவாகக் கூறுவோம். அதற்குமுன், செய்யத் தக்கவை எவை என்பதைப் பார்ப்போம்.

முதற் பங்கு கடைக்குட்டிக்கு

பாட வேளை தொடங்குமுன் பதினைந்து நிமிடத்தைச் சிறு குழந்தைகளுக்கே கொடுத்துவிடுங்கள். மூத்தவர்கள் புத்தகங்களை எடுத்து வைக்கட்டும், எழுதுகோலைச் சீவட்டும். அந்நேரத்தில் தாய் தரையில் அமர்ந்து, வேறு எதிலும் கண் செலுத்தாமல், இரண்டரை வயதுக் குழந்தையுடன் விளையாட வேண்டும். கைக்குழந்தைக்குப் பாலூட்டி, துணி மாற்றிவிட வேண்டும். வயிறும் மனமும் நிறைந்த குழந்தை சற்றுத் தொலைவில் தானாகவே விளையாடத் தொடங்கும். பசித்த குழந்தையையும், காலை முதல் தாய் முகம் பாராத குழந்தையையும் எந்த விளையாட்டுப் பொருளும் நிறுத்தி வைக்காது.

பெரும்பாலான வீடுகளில் இவ்வரிசை தலைகீழாக நடக்கின்றது. "பாடம் முடியட்டும், அப்புறம் உன்னோடு விளையாடுகின்றேன்" என்கின்றோம். "அப்புறம்" என்னும் சொல்லின் பொருள் இரண்டரை வயதுக்கு விளங்காது. பெரியவர்களால் காத்திருக்க முடியும், சிறியவர்களால் முடியாது. ஆகவே முடியாதவர்க்கு முதலில் கொடுப்பதே முறை.

உறக்கத்தை ஒட்டிய கால அட்டவணை

பள்ளியின் மணியை வீட்டில் அடிக்க முயல வேண்டாம். வீட்டின் மணி குழந்தையின் உறக்கமே. மேற்கூறிய வழிகாட்டுதலின்படி, நான்கு முதல் பதினொரு மாதம் வரையுள்ள குழந்தைக்குப் பகலுறக்கமும் சேர்த்து நாளொன்றுக்கு 12 முதல் 16 மணி நேர உறக்கமும், ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைக்கு 11 முதல் 14 மணி நேர உறக்கமும் தேவை. எட்டு மாதக் குழந்தை பெரும்பாலும் பகலில் இருமுறை உறங்கும். ஒரு வாரம் அந்த உறக்க நேரங்களைக் குறித்து வாருங்கள். எழுத்து வேலையும் கவனத்தைக் குவிக்க வேண்டிய கணக்கும் அந்த வேளைகளில் அமையட்டும்.

குழந்தை விழித்திருக்கும் வேளை வீண் என்று கருத வேண்டா. வாய்ப்பாடு ஒப்பித்தல், செய்யுளை மனப்பாடமாகச் சொல்லுதல், சொல்வதெழுதுதல், உரக்கப் படித்தல் ஆகியவற்றுக்கு அமைதியும் மேசையும் வேண்டுவதில்லை. தாய் பாலூட்டிக்கொண்டிருக்கையில் பையன் தன் பாடநூலை உரக்கப் படித்துக் காட்டலாம். தூளியை ஆட்டியவாறே ஏழாம் வாய்ப்பாட்டைக் கேட்கலாம். வரலாற்றையும் கதையையும் எல்லாரும் ஒன்றாய் அமர்ந்து கேட்கலாம். மடியிலிருக்கும் மழலைக்குப் பொருள் புரியாவிடினும், தாயின் குரல் அதன் மொழியை வளர்க்கின்றது.

நம் கற்பனை வீட்டிற்கு வருவோம். ஒன்பது மணிக்குச் சிறியவர்களின் பதினைந்து நிமிடம். பிறகு வாய்ப்பாடும் வாசிப்பும். ஒன்பதரைக்குக் கைக்குழந்தை உறங்கியதும் பையனுக்குக் கணக்கு. அப்போது பெண் தானே செய்யக்கூடிய எழுத்து வேலையில் ஈடுபடுவாள். பத்தேகாலுக்கு எல்லாருக்கும் இடைவேளை. முற்றத்தில் ஓட்டமும் சிற்றுண்டியும். நண்பகல் உணவுக்குப்பின் மழலைகள் இரண்டும் உறங்கும் வேளையைப் பெண்ணின் கடினமான பாடத்திற்கென்றே ஒதுக்க வேண்டும். இவ்வளவையும் கூட்டினால் இரண்டரை, மூன்று மணி நேரமே ஆகும். நாற்பது பேருக்குக் கற்பிக்கும் ஆசிரியருக்கு ஒரு முழு நாள் தேவைப்படலாம். இருவருக்குக் கற்பிக்கும் தாய்க்குக் கவனம் குன்றாத மூன்று மணி நேரம் போதும்.

சிறு கைகளுக்கும் வேலை உண்டு

மரியா மாண்டிசோரி அம்மையார் 1907 சனவரி 6 அன்று உரோமை நகரின் சான் லொரென்சோ பகுதியில் ஏழைத் தொழிலாளர் குழந்தைகளுக்காக ஒரு குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். அவர் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். போர்க்காலமாதலின் தாயகம் திரும்ப இயலாமல், 1942 முதல் 1944 வரை கொடைக்கானலில் தங்கினார். அங்கே வெவ்வேறு வயதுப் பிள்ளைகள் ஒருங்கே கற்ற ஒரு சிறு பள்ளி அவருடைய பார்வையில் நடந்தது. சிறு குழந்தை பொம்மையைக் காட்டிலும் உண்மையான வேலையையே விரும்புகின்றது என்பதும், ஊற்றுதல், அடுக்குதல், துடைத்தல், வகைபிரித்தல் ஆகிய எளிய செயல்களில் அது தன்னை மறந்து ஆழ்ந்துவிடுகின்றது என்பதும் அவர் கண்டறிந்து உலகிற்குச் சொன்னவை.

இதற்கு விலையுயர்ந்த கருவிகள் வேண்டா. நம் அடுக்களையே போதும். பெரிதும் சிறிதுமான கிண்ணங்களை ஒன்றினுள் ஒன்றாக அடுக்கலாம். டப்பாக்களுக்கு உரிய மூடியைத் தேடிப் பொருத்தலாம். கூடையில் கலந்து கிடக்கும் பெரிய வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் பிரித்து வைக்கலாம். கொடியில் உலர்ந்த சிறு துணிகளை மடிக்கலாம். கைப்பிடி சப்பாத்தி மாவைக் கொடுத்தால் அரை மணி நேரம் உருட்டிக்கொண்டிருக்கும். மரச் சொப்புச் சாமான்கள் இருந்தால் அக்காளின் புவியியல் பாடம் முடிவதற்குள் ஒரு விருந்தே சமைத்துவிடும்.

ஒரு சிறு உத்தியைக் கையாளுங்கள். இப்பொருள்களை ஒரு பெட்டியில் இட்டு, பாட வேளைக்கு மட்டுமே வெளியில் எடுங்கள். பாடம் முடிந்ததும் மேலே வைத்துவிடுங்கள். திங்கட்கிழமைக்கு ஒன்று, செவ்வாய்க்கு ஒன்று என்று மாற்றி வையுங்கள். எந்நேரமும் காலடியில் கிடக்கும் பொருளைக் குழந்தை திரும்பிப் பார்ப்பதில்லை. மேலும், குழந்தைக்கென மேசையருகே ஒரு பாயும், பழைய நோட்டு ஒன்றும், தடித்த வண்ணக்கோல் ஒன்றும் இருக்கட்டும். "நீயும் படிக்கின்றாய்" என்னும் எண்ணம் அதற்குப் பெருமை தரும். பத்து நிமிடத்தில் எழுந்து போய்விட்டாலும் குறையில்லை; அவ்வயதின் பொறுமை அவ்வளவே.

கைக்குழந்தைக்கோ தரையே சிறந்த விளையாட்டிடம். பாயை விரித்துக் குப்புற விடுங்கள். எட்டிப் பிடிக்கும் தொலைவில் ஒரு கிலுகிலுப்பையையோ எவர்சில்வர் கிண்ணத்தையோ வையுங்கள். தாயின் குரல் காதில் விழும் வரையில் அது தன் வேலையைத் தானே பார்த்துக்கொள்ளும்.

கவனக் குறைவுக்கு இடமில்லை

பாடத்தில் ஆழ்ந்திருக்கும் வேளையே ஆபத்து நேரக்கூடிய வேளையுமாகும். கணக்குக்கு எண்ணிக் காட்டும் புளியங்கொட்டை, மணி, நாணயம், அழிப்பான் துண்டு ஆகியவை தவழும் குழந்தையின் வாய்க்குள் போய்த் தொண்டையை அடைத்துவிடும். வேர்க்கடலையும் அத்தகையதே. பல்லாங்குழி கூட்டலும் பகிர்தலும் பழக மிக நல்லது. ஆயினும் குழந்தை உறங்கும்போதே அதனை ஆட வேண்டும். கவராயமும் பென்சில் சீவியின் தகடும் உடனுக்குடன் பெட்டிக்குள் போக வேண்டும். கணக்குப்பொறியிலும் விளையாட்டுப் பொருளிலும் உள்ள பொத்தான் போன்ற சிறு மின்கலத்தைக் குழந்தை விழுங்கிவிட்டால், இரண்டு மணி நேரத்திற்குள்ளேயே அது உணவுக்குழாயை அரித்துப் புண்ணாக்கிவிடும். சிறிதும் தாமதியாமல் மருத்துவமனைக்கு விரைய வேண்டும்.

தண்ணீரைப் பற்றியும் எச்சரிக்கை தேவை. வாளியில் ஓரிரு அங்குல ஆழத் தண்ணீர் இருந்தாலும் அது தலைகுப்புற விழும் குழந்தையின் உயிரைப் போக்கிவிடும். பாடம் தொடங்குமுன் வாளிகளைக் கவிழ்த்து வைப்பதையும், குளியலறைக் கதவைத் தாழிடுவதையும் பையனின் நாள்தோறும் செய்யும் கடமையாக்கிவிடுங்கள்.

மூத்தவர் இளையவருக்குக் கற்பிக்கலாமா?

கற்பிக்கலாம், நம் மண்ணில் பிறந்த முறையே அது. ஆண்ட்ரு பெல் என்னும் ஸ்காட்லாந்துப் பாதிரியார் 1789 முதல் சென்னை எழும்பூரில் படைவீரர் பிள்ளைகளுக்கான ஆண் அனாதையர் இல்லத்தின் கண்காணிப்பாளராக இருந்தார். உள்ளூர்ப் பள்ளி ஒன்றில் குழந்தைகள் மணலில் விரலால் எழுதிப் பழகுவதைக் கண்ட அவர், அதனைத் தம் இல்லத்தில் புகுத்த விரும்பினார். ஆசிரியர்கள் இசையாததால், எட்டு வயதுச் சிறுவன் ஒருவனையே சிறிய பிள்ளைகளுக்கு எழுத்துக் கற்பிக்கப் பணித்தார். பணி வெற்றி பெற்றது. இதனை அவர் 1797இல் இலண்டனில் நூலாக வெளியிட, "மதராஸ் முறை" என்னும் பெயரால் அது இங்கிலாந்தெங்கும் பரவிற்று. மூத்த மாணவன் இளையவனுக்குச் சொல்லிக் கொடுப்பது நம் திண்ணைப் பள்ளிகளில் வழக்கமாய் இருந்த ஒன்றே.

ஆகவே ஒரு தாம்பாளத்தில் மணலையோ ரவையையோ பரப்பி, பையன் தன் தங்கைக்கு 'அ' எழுதிக் காட்டட்டும். பெண் படக்கதை ஒன்றைப் படித்துச் சொல்லட்டும். பிறர்க்குச் சொல்லும்போது தான் கற்றதும் உறுதிப்படுகின்றது. ஆனால் கற்பித்தல் வேறு, காவல் காத்தல் வேறு. கற்பித்தல் பதினைந்து நிமிடத்தில் முடியும். அதற்கு ஒரு முடிவு உண்டென்று பிள்ளைக்கும் தெரியும். காவலுக்கு முடிவே கிடையாது. இடுப்பில் குழந்தையுடன் நிற்கும் பெண்ணால் கையில் எழுதுகோலைப் பிடிக்க இயலாது.

மூத்த பெண்ணின் நோட்டு

முன்பு விரிவாகக் கூறுவோம் என்ற செய்திக்கு இப்போது வருகின்றோம். தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பினாலேயே நம் நாட்டில் எண்ணற்ற பெண்களின் படிப்பு பாழாகியிருக்கின்றது. 1986ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையே இதனை ஒப்புக்கொண்டு, உடன்பிறந்தாரைப் பேணும் பெண்கள் பள்ளிக்கு வர வேண்டுமாயின் குழந்தைகளுக்குப் பகல்நேரக் காப்பகங்கள் தேவை என்று கூறிற்று. பள்ளி செல்லும் பெண்ணையாவது பள்ளியின் மணி விடுவிக்கின்றது. வீட்டிலேயே கற்கும் பெண்ணை விடுவிக்க மணி எதுவும் இல்லை. அவள் எப்போதும் கைக்கெட்டும் தொலைவில் இருக்கின்றாள்; கூப்பிட்டவுடன் வருகின்றாள்; முகம் சுளிப்பதில்லை. அவள் நல்ல பெண்ணாக இருப்பதனாலேயே அவளுடைய படிப்பு சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே வருகின்றது. அதனை வீட்டிலுள்ள எவரும் கவனிப்பதுமில்லை; அவளும் சொல்லுவதில்லை.

இதற்கு மூன்று வரையறைகளை இல்லத்தில் ஏற்படுத்திக்கொள்ளுங்கள். ஒன்று, குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் முறை பெண்ணுக்கு எவ்வளவோ பையனுக்கும் அவ்வளவே; ஒன்பது வயதுப் பையன் தங்கையுடன் விளையாட வல்லவனே. இரண்டு, அவளுடைய பாட வேளையில் குழந்தை அழுதால் எழுந்து செல்வது தாயே, அவள் அன்று. மூன்று, நாள்தோறும் ஒரு மணி நேரமேனும் தந்தையோ பாட்டியோ மழலைகளை முழுவதும் ஏற்றுக்கொள்ள வேண்டும். வேலையிலிருந்து திரும்பிய தந்தை, மாலைச் செபத்திற்கு முன்னோ பின்னோ, இரு குழந்தைகளையும் தெருமுனை வரை தூக்கிச் சென்று வந்தால், அந்த ஒரு மணி நேரம் மகளுக்கு ஓராண்டில் முந்நூறு மணி நேரத்திற்கு மேலாகப் பெருகும். அருகில் அங்கன்வாடி இருக்குமாயின், மூன்று வயது நிறைந்த குழந்தையை முற்பகலில் அங்கே அனுப்பலாம். 1975 அக்டோபர் 2 அன்று தொடங்கப்பட்ட ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின்கீழ், மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அங்கே முன்பருவக் கல்வி அளிக்கப்படுகின்றது. அதனை ஏழைகளுக்கு மட்டும் உரியது என்று ஒதுக்குவது அறியாமை.

சில நாள்களில் எத்திட்டமும் பயன்படாது. பல் முளைக்கும், காய்ச்சல் வரும், இரவெல்லாம் உறக்கமிராது. அந்நாள்களுக்கென ஒரு சிறு திட்டத்தை முன்கூட்டியே வைத்துக்கொள்ளுங்கள்: ஒரு பக்கம் வாசிப்பு, ஐந்து கணக்கு, ஒரு கதை. அது முடிந்தால் அன்றைய பாடம் முடிந்தது. களைத்த தாயின் சினத்தில் நடக்கும் பாடத்தைவிட, அமைதியாய் முடிந்த அரை மணி நேரப் பாடம் பிள்ளைகளின் உள்ளத்தில் நீண்ட நாள் நிற்கும்.

பெற்றோரே, சனிக்கிழமை மாலைகளில் ஒரு சோதனை செய்து பாருங்கள். மகனுடைய நோட்டையும் மகளுடைய நோட்டையும் அருகருகே விரித்து வையுங்கள். மகனுடைய பக்கங்கள் நிறைந்தும், மகளுடைய பக்கங்களில் பாதியில் நின்றுபோன கணக்குகள் மிகுந்தும் இருக்குமாயின், வீட்டில் குழந்தையின் அழுகை எவருடைய நேரத்தைக் கொண்டு அடக்கப்படுகின்றது என்பது விளங்கிவிடும். அடுத்த திங்கட்கிழமை அந்த நேரத்தை அவளுக்குத் திருப்பிக் கொடுங்கள். இரண்டரை வயதுக் குழந்தை இன்னும் ஓராண்டில் தானே அமர்ந்து விளையாடப் பழகிவிடும். பன்னிரண்டு வயதில் தவறிய பாடமோ, பதினைந்து வயதில் தேர்வு வாயிலில் அவளை நிறுத்திவிடும்.